85 விழுக்காடு என்னும் சாக்கு

ஏரி வற்றத் தொடங்கும் மாதங்களில் 'வாளியில் குளியுங்கள், குழாயை மூடிவிட்டுப் பாத்திரம் தேயுங்கள், புல்தரைக்குத் தண்ணீர் விடாதீர்கள்' என்று யாராவது சொன்னால் போதும், ஒரு பதில் ஆயத்தமாக வந்து விழுகிறது. நன்கு படித்தவர்கள் சொல்லும் பதில் அது. நாட்டில் எடுக்கப்படும் நீரில் 85 விழுக்காடு, சிலர் கணக்கில் 90 விழுக்காடு, விவசாயத்துக்குப் போகிறது. ஆலைகள் ஒரு பங்கை எடுக்கின்றன. வீடுகளுக்கு வருவது நூற்றுக்கு ஏழோ எட்டோதான். அதிலும் பெரும்பகுதி குழாய்க் கசிவில் போகிறது. ஏரிகளைத் தூர் வாராமல் விட்டதும், சதுப்பு நிலத்தில் கட்டடம் எழுப்ப அனுமதி கொடுத்ததும் அரசு. அந்தத் தவறுகளை மறைக்கத்தான் நம் குளியலறைக்குள் வந்து சொம்புகளை எண்ணுகிறார்கள். ஆகவே வீட்டுச் சிக்கனம் பயனற்ற சடங்கு. அமைப்பின் பொறுப்பைத் தனிமனிதர் தலையில் கட்டும் தந்திரம்.

இந்த வாதத்தின் உறுப்புகள் பலவும் உண்மை. இந்தியாவில் பாசனம்தான் மிகப் பெரிய நீர்ச்செலவு என்பதில் ஐயம் இல்லை. நகரங்களில் குழாய்க்குள் விடும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போவதை வல்லுநர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி நம் கண்ணெதிரே பறிபோனது. இதைச் சொல்பவர்கள் பலரும் சோம்பேறிகள் அல்லர்; நியாயமான கோபம் கொண்டவர்கள். ஆனால் இத்தனை உண்மைகளை அடுக்கி அவர்கள் வந்து சேரும் முடிவு தவறு. வறட்சிக் காலத்தில் அது ஆபத்தானதும்கூட. அந்த முடிவைச் சோதித்துப் பார்க்க 2019ஆம் ஆண்டின் சென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1. எதில் 85 விழுக்காடு?

நாடு முழுவதிலும் எடுக்கப்படும் நீரில். அப்படி ஒரு பொதுத் தொட்டி எங்குமே இல்லை. பஞ்சாபின் நெல்வயலில் ஒரு மோட்டாரை நிறுத்தினால் மிஞ்சும் நீர் மயிலாப்பூர்க் கிணற்றில் ஊறாது. பணத்தைப் போல ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடும் பொருள் அல்ல அது. எந்த ஏரி, எந்த ஆறு, எந்த நிலத்தடி, எந்த மாதம் என்று கேட்காமல் தண்ணீரில் விழுக்காடு பேசுவதில் பொருளே இல்லை.

2019இல் சென்னையின் கணக்கில் இருந்தவை எவை? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகள். நான்கும் நிரம்பினால் ஏறக்குறைய 11 டி.எம்.சி. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர். கடலூர் மாவட்டத்திலிருந்து குழாயில் வரும் வீராணம் நீர். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். இவற்றோடு ஒவ்வொரு மனைக்குக் கீழேயும் இருக்கும் ஆழ்துளைக் கிணறு. இந்தக் கணக்கில் வீடு நூற்றுக்கு ஏழு அல்ல. முதல் செலவே வீடுதான். 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து அவற்றின் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூட நீர் இல்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் அளவில் இருந்த குடிநீர் வழங்கலை 52 கோடி லிட்டர் அளவுக்கு வெட்ட வேண்டி வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அந்த நாளில் தேசியச் சராசரி ஒரு குடத்தைக்கூட நிரப்பியிருக்காது.

'விவசாயி குறைக்கட்டும்' என்பவர்கள் அதே ஆண்டில் விவசாயிக்கு என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். குறுவைக்காக ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2019இல் ஆகஸ்ட் 13இல்தான் திறந்தது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளிலும் அது உரிய நாளில் திறக்கவில்லை. வறட்சி வந்தால் முதலில் வெட்டு விழுவது அந்த 85 விழுக்காட்டின் மேல்தான். நகரம் கடைசியாகத்தான் உணர்கிறது. வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் பாசனத்துக்கென்று வெட்டியது. அதன் ஆயக்கட்டு இன்னும் நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அங்கே வந்து சேரும் காவிரி நீரைத்தான் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிச் சென்னைக்குக் கொண்டுவருகிறோம். நம் மாடித் தொட்டி வழிந்து தெருவில் ஓடும்போது அதில் காட்டுமன்னார்கோயில் வயலின் பங்கும் சேர்ந்தே ஓடுகிறது. விவசாயியைக் கைகாட்டி நாம் தப்பிக்க முடியாது. அவர் நீரில்தான் நாம் குளிக்கிறோம்.

2. சிறியது என்றால் எவ்வளவு சிறியது?

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். மாலைபோட்டு வரவேற்றார்கள். நாளைக்கு நான்கு நடை ஓட்டி ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம். அதற்கு அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுவும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர்தான். வேலூர் மாவட்டத்து மக்களுக்கு வர வேண்டியதை எடுக்கிறார்கள் என்று எதிர்ப்பும் எழுந்தது. அந்த ஒரு கோடி லிட்டரை நகரத்தின் 80 லட்சம் பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒன்றேகால் லிட்டர்.

அந்த ரயிலை யாரும் பயனற்ற சடங்கு என்று சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன், அந்த ஒன்றேகால் லிட்டர் எங்கோ ஒரு தெருவுக்குக் குடிநீராக இருந்தது. ஆனால் ஒன்றேகால் லிட்டரைக் கொண்டுவர ஒரு ரயில் தேவைப்படுகிறது என்றால், ஒரு வீட்டில் மிஞ்சும் இருபது லிட்டரைத் துளி என்று எப்படிச் சொல்வது? 80 லட்சம் பேர் ஆளுக்கு 20 லிட்டர் குறைத்தால் நாளொன்றுக்கு 16 கோடி லிட்டர். அது பதினாறு நாள் ரயில். அன்றிருந்த நெம்மேலி நிலையத்தின் முழு உற்பத்தியான 10 கோடி லிட்டரைவிட அதிகம். வெட்டப்பட்ட வழங்கலில் பாதி. எல்லாரையும் குறைக்கச் சொல்வது நியாயமில்லை, குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பவரிடம் குறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் அந்தக் கேள்வி சரி. மோட்டாரும் மாடித் தொட்டியும் உள்ள பாதிப் பேர் மட்டும் ஆளுக்கு 40 லிட்டர் குறைக்கட்டும். கணக்கு அதே 16 கோடிதான்.

நாற்பது லிட்டர் எங்கிருந்து வரும்? பட்டினியோ அழுக்கோ இல்லாமல் வரும். திறந்த பூத்தூவலின் கீழ் எட்டு நிமிடம் நின்றால் எழுபது, எண்பது லிட்டர். வாளியும் சொம்பும் என்றால் இருபது. பழைய கழிப்பறைத் தொட்டி ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. இரட்டைப் பொத்தான் உள்ளது மூன்று அல்லது ஆறு லிட்டரோடு நிற்கிறது. அதை மாற்றக் காசு இல்லையென்றால் மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை அந்தத் தொட்டிக்குள் வைத்தாலே ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிஞ்சும். நொடிக்கு ஒரு சொட்டு என்று ஒழுகும் குழாய் ஒரு நாளில் இருபது லிட்டரை விழுங்கும். அதற்கு வேண்டியது ஒரு வாஷர். சமையலறைக் குழாயின் வாயில் திருகி மாட்டும் காற்றுக்கலப்பிச் சல்லடை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாய்ச்சலைப் பாதிக்கும் கீழே இறக்கும்.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. மாநகராட்சி நீரில் உப்பு குறைவாக இருக்கும் வீட்டில் அந்த இயந்திரமே தேவையில்லை. கொதிக்க வைத்து வடிகட்டினால் போதும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொன்னது.

எல்லாவற்றையும் விடப் பெரிய வீண் செலவைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் ஏற்றுகிறது. பத்து நிமிடம் தொட்டி வழிந்தால் நானூறு, ஐநூறு லிட்டர். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் தேவை. இதைத் தடுக்கத் தொட்டியில் ஒரு மிதவையும் மோட்டாரில் ஒரு தானியங்கி நிறுத்தியும் போதும். இவற்றில் எது தியாகம்? எது ஏழையின் தலையில் ஏற்றிய சுமை?

3. அரசு செய்தால்தான் நாம் செய்வோமா?

அரசு கசிவை அடைக்க வேண்டும். ஏரியை ஆழப்படுத்த வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்க வேண்டும். சென்னையில் அது நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மணலி ஆலைகள் 1990களிலிருந்தே சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துகின்றன. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல் வந்த மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தலா நாலரைக் கோடி லிட்டரை ஆலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டவை. இன்னும் பல மடங்கு வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் 'அது நடக்கும்வரை நான் குறைக்கமாட்டேன்' என்பதில் தர்க்கம் எங்கே இருக்கிறது? குழாய்களை மாற்றப் பல ஆண்டுகள் ஆகும். வறட்சி ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. அந்த ஆறு மாதத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய மாற்றம் வீட்டுச் செலவைக் குறைப்பது ஒன்றுதான்.

கேப் டவுன் இதைச் செய்து காட்டியது. 2015 தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம் 2018இல் அதில் பாதிக்கும் குறைவாக வாழக் கற்றுக்கொண்டது. 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்பது வரம்பு. அணைகள் 13.5 விழுக்காட்டைத் தொட்டால் குழாய்களை மூடிவிட்டு மக்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு 25 லிட்டர் கொடுப்பது என்று மாநகராட்சி அறிவித்திருந்தது. அந்த நாள் வரவே இல்லை. அங்கே அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குழாய் அழுத்தத்தைக் குறைத்தது, கட்டணத்தை உயர்த்தியது, குறைவாகச் செலவழித்த வீடுகளைப் பச்சைப் புள்ளியாகக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டது. விவசாயிகளும் தங்கள் தேக்கங்களிலிருந்து ஆயிரம் கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். இவற்றில் எதுவும் வீட்டுச் சிக்கனத்துக்குப் பதிலாக நடக்கவில்லை. அதனோடு சேர்ந்து நடந்தது. பிறகு ஜூனில் மழை வந்து காப்பாற்றியது என்பார்கள். ஆமாம், வந்தது. அதுவரை அணையில் நீரை மிச்சம் வைத்திருந்தவர்கள் மக்கள்.

'தனிமனிதர் குறைத்தால் அரசு தப்பித்துக்கொள்ளும்' என்ற அச்சமும் தலைகீழானது. தன் வீட்டில் எத்தனை லிட்டர் செலவாகிறது என்று அறியாதவரால் தன் தெருவில் எத்தனை லிட்டர் கசிகிறது என்று கேட்க முடியாது. குடிநீர் வாரியத்தை நெருக்கிக் கேள்வி கேட்கும் குடியிருப்புகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் அங்கே தண்ணீர் அளவி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. கோபம் மட்டும் உள்ள இடத்தில் லாரிக்கான தொலைபேசி எண் மட்டும் இருக்கிறது.

4. என் கிணறு, என் காசு

இந்தப் பேச்சுக்குச் சட்டத்தின் துணைகூட உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி நிலம் யாருடையதோ அதன் கீழுள்ள நீரை எடுக்கும் உரிமையும் அவருடையது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது மாடு இழுக்கும் கவலையும் ஏற்றமும் இருந்தன. மாடு களைத்தால் இறைப்பு நின்றது. மாலைக்குள் கிணறு மறுபடி ஊறியது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் மூழ்கி நாள் முழுதும் உறிஞ்சும் மோட்டார் அந்தச் சட்டத்தின் கற்பனையில் இல்லை. நிலத்தடி நீருக்கு மதில் கிடையாது. உங்கள் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் உங்கள் மனையைத் தாண்டியும் இறங்குகிறது. ஆழமாகத் துளையிடக் காசு இல்லாத வீட்டின் கைப்பம்பு முதலில் காற்றை இறைக்கிறது.

கடலோரத்தில் விளைவு இன்னும் கொடியது. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மேலடுக்கை வேகமாக எடுத்தால் உப்பு ஏறுகிறது. ஒரு மழைக்காலத்தில் அது இறங்கிவிடாது. மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகள் எடுத்த நிலத்தடி நீருக்கு விலையாகக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அங்கே விவசாயக் கிணறுகள் கெட்டன. நகரத்தின் தேவைக்காகக் கிராமம் நிரந்தரமாகக் கொடுத்த விலை அது.

லாரித் தண்ணீர் வாங்குபவரும் தண்ணீருக்குக் காசு கொடுப்பதில்லை. டீசலுக்கும் ஓட்டுநருக்கும் லாரிக்கும் மோட்டாருக்கும் கொடுக்கிறார். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிணற்றுக்குச் சொந்தக்காரருக்கு ஒரு சிறு தொகை போகிறது. அந்தக் கிணற்றைச் சுற்றி வாழ்ந்து, கோடையில் குடத்தோடு அலையும் ஊருக்கு ஒன்றும் போவதில்லை. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்றுக்கு எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்களே. கடன்பட்டவர் வீண் செலவு செய்ய உரிமை கோரலாகாது.

5. நான் மிச்சம் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் இறைத்துவிடுவாரே?

எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதம் இது. நிலத்தடி நீர் பொதுவானது என்று மேலே நானே சொன்னேன். பொதுவானதென்றால் நான் விட்டுவைப்பதை இன்னொருவர் எடுக்கலாம்தான். இதற்கு நல்லெண்ணம் பேசிப் பயன் இல்லை. ஒரு வீடு மட்டும் செய்யும் சிக்கனம் பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து 'யாரும் செய்ய வேண்டாம்' என்ற முடிவு வராது. 'சேர்ந்து செய்ய வேண்டும்' என்ற முடிவுதான் வரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு வழி தெளிவானது. எண்பது வீடுகளுக்கும் பொதுவில் தண்ணீர் வாங்கி, சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணத்தோடு பங்கிட்டால் குறைப்பவருக்கு ஒரு பயனும் இல்லை, கொட்டுபவருக்கு ஒரு வலியும் இல்லை. வீட்டுக்கு ஓர் அளவி வைத்து, ஒவ்வொருவரும் எடுத்த லிட்டருக்கு மட்டும் கட்டட்டும். ஆளுக்கு இத்தனை லிட்டர் வரை ஒரு விலை, அதற்கு மேல் ஏறும் விலை. பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு இறங்கு குழாய்கள் இருக்கும். அத்தனைக்கும் அளவி வைக்கச் செலவாகும் என்பது உண்மை. இரண்டு கோடைகளின் லாரிச் செலவோடு அதை ஒப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். தனி வீடுகள் உள்ள தெருக்களில் இவ்வளவு எளிதல்ல. அங்கே தேவை, எல்லாரும் சேர்ந்து ஒரு பொதுக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து, தெரு முனையில் எழுதிப்போடுவது. மட்டம் இறங்குவது எல்லார் கண்ணிலும் படும் தெருவில், காரைக் குழாய் பிடித்துக் கழுவத் தயக்கம் வரும்.

6. செலவழித்த நீர் மண்ணுக்குத்தானே திரும்புகிறது?

கொல்லைப்புறமும் வாய்க்காலும் இருந்த காலத்தில் திரும்பியது. இன்று சாக்கடைக் குழாயில் ஏறி, பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போய், அங்கிருந்து பெரும்பாலும் கடலுக்குப் போகிறது. உங்கள் கிணற்றுக்கு ஒரு சொட்டும் வராது. 'மழைநீர் சேகரிப்பு வைத்திருக்கிறேனே' என்பதும் இதே வகை ஆறுதல்தான். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது தமிழ்நாட்டின் பெருமை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில் ஆயிரம் சதுர அடி மாடி ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் அனுப்ப முடியும், வடிகுழியில் சேறு அடைக்காமல் ஆண்டுதோறும் சுத்தம் செய்தால். ஆனால் அந்த ஒரு லட்சம் லிட்டர் மே மாதம் வரை நிற்குமா, பிப்ரவரியிலேயே தீருமா என்பதை முடிவு செய்வது நாம் இறைக்கும் வேகம்.

7. தோட்டம் காயட்டும் என்பவர்களுக்கு

இதுவரை பேசியது சிக்கனமே வேண்டாம் என்பவர்களோடு. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: மனிதருக்கே தண்ணீர் இல்லாதபோது செடிக்கு எதற்கு, தோட்டம் பணக்கார ஆடம்பரம், காய்ந்து போகட்டும். கடுமையான நேர்மை போலத் தோன்றும் இந்தப் பேச்சும் தவறுதான். தண்ணீரைப் பற்றிய அதே அறியாமையிலிருந்து பிறப்பது.

தோட்டம் என்று எதைச் சொல்கிறோம்? புல்தரையை என்றால் நானும் அவர்கள் பக்கம். சித்திரை வெயிலில் ஒரு நாளில் ஐந்தாறு மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. ஐநூறு சதுர அடிப் புல்தரையைப் பச்சையாக வைத்திருக்க நாளைக்கு ஏறக்குறைய 250 லிட்டர் வேண்டும், பதினாறு குடம். அந்தப் புல் நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் உரியதல்ல. அதை நான்கு மாதம் காயவிட்டால் குடி முழுகாது. குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. அது சரியான முடிவு.

ஆனால் வேம்பும் புங்கனும் முருங்கையும் புல்தரை அல்ல. வேர்பிடித்த வேம்புக்கு நாம் ஒரு சொம்பும் ஊற்ற வேண்டாம். நட்டு இரண்டு, மூன்று ஆண்டு வரையுள்ள கன்றுக்குத்தான் கோடையில் நம் கை தேவை. அந்த ஒரு கோடையில் கைவிட்டால் இழப்பது கன்றை மட்டும் அல்ல. அடுத்த முப்பது ஆண்டு நிழலை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. அவற்றின் இடத்தில் வைத்த கன்றுகள் சந்தித்த கோடைகளில் ஒன்று 2019. நிழல் போன தெருவில் சுவர் கொதிக்கிறது, குளிரூட்டி கூடுதல் நேரம் ஓடுகிறது, மண் இன்னும் வேகமாகக் காய்கிறது. மரத்தைக் கொன்று தண்ணீரை மிச்சம் பிடிப்பது கணக்கே அல்ல.

கன்றுக்கு வேண்டியதும் குழாய்த் தண்ணீர் அல்ல. தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழையும், கிணற்றடியில் சேம்பும் கல்வாழையும், பாத்திரம் தேய்க்கும் இடத்து வாய்க்காலின் முடிவில் தென்னையும் வைத்த வீடுகள் நம் ஊர்களில் இருந்தன. அந்தத் தோட்டத்துக்குத் தனியாக யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. இன்றும் துணி இயந்திரத்தின் கடைசி அலசல் நீரை ஒரு குழாய் நீட்டி வாழைக்கு விடலாம். முதல் அலசலில் சோப்புக் காரமும் சோடியமும் அதிகம். அது கழிப்பறைக்குப் போகட்டும். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் தொட்டிச் செடிக்கு. சென்னைப் புழுக்கத்தில் குளிரூட்டி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீரைச் சொட்டுகிறது. உப்பே இல்லாத நீர், துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நன்று. ஆர்.ஓ. தள்ளும் நீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லும் அறிவுரை எங்கும் உலவுகிறது. அதை நம்பாதீர்கள். நிலத்தடி நீர் ஏற்கெனவே கரிப்பாக இருக்கும் வீட்டில் அந்தக் கழிவு இன்னும் கரிப்பானது. சில மாதங்களில் மண்ணின் மேல் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது போதும்.

ஊற்றும் முறையும் அளவைப் போலவே முக்கியம். வேர்ப்பகுதியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு, தென்னை நார்க்கழிவு, காய்ந்த புல் எதையாவது மூடாக்காகப் பரப்புங்கள். வெயில் நேரடியாக மண்ணைத் தொடாவிட்டால் தினமும் ஊற்றிய இடத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். கன்றுக்குப் பக்கத்தில் மெருகு பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண்ணின் ஈரம் குறையக் குறைய பானை தானே கசிந்து கொடுக்கும். மேல்மண் காய்ந்திருக்கும், வேர் நனைந்திருக்கும், களை முளைக்காது. இது ஏட்டுப் பாடம் அல்ல; வறண்ட பகுதி விவசாயிகளுக்கு நெடுநாள் பழக்கமான முறை. நண்பகலில் குழாயைப் பிடித்து இலைமேல் பீய்ச்சுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

8. கடல் இருக்கிறதே?

நெம்மேலியில் 2024இல் இன்னொரு நிலையம் வந்துவிட்டது, பேரூரில் இன்னும் பெரியது எழுகிறது, இனி வறட்சியே இல்லை என்கிறார்கள். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். மிஞ்சும் செறிந்த உப்புநீர் மறுபடி கடலில்தான் விழுகிறது; அந்தக் கரையில்தான் மீனவர் வலை வீசுகிறார். அவசரத்துக்கு அந்த நீர் தேவை; மறுக்கவில்லை. அவ்வளவு செலவில் பிறந்த நீரை மாடியிலிருந்து வழியவிடுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

குடியிருப்புச் சங்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று தீர்மானம் போதும்: வீட்டுக்கு வீடு அளவி, ஒவ்வொரு தொட்டிக்கும் தானியங்கி நிறுத்தி, புல்தரைக்கு நல்ல தண்ணீர் இல்லை. கூட்டத்தை மே மாதத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். ஏரிகளில் தண்ணீர் இருக்கும் ஜனவரியிலேயே கூட்டுங்கள்.